தோற்றவர் தட்டிய கை

சதுரங்கம் என்னுஞ் சொல் யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிப்பது. போரின் பெயரைத் தாங்கிய இவ்வாட்டத்திலே, தோற்றவர் வென்றவரைக் கைதட்டிப் போற்றிய நிகழ்ச்சியொன்று உண்டு. அதனை நினைக்குந்தோறும் எனக்கு நாணம் உண்டாகின்றது. காரணத்தை இறுதியிற் கூறுவேன்.

1972ஆம் ஆண்டு, ஐஸ்லாந்தின் தலைநகராகிய ரெய்க்யவிக்கிலே உலகப் பட்டத்துக்கான போட்டி நடைபெற்றது. பட்டத்தை உடையவர் சோவியத்து நாட்டுப் பொரிஸ் ஸ்பாஸ்கி. அதனை விழைந்து வந்தவர் அமெரிக்கரான பொபி பிஷர். பிஷர் முதலாட்டத்தில் தோற்றார். இரண்டாவதை ஆட வராமலே இழந்தார். பின்னர் மூன்றாவதையும் ஐந்தாவதையும் வென்று சமநிலை எய்தினார். யூலை 23ஆம் நாள் ஆறாவது ஆட்டம். வெள்ளைக் காய்கள் பிஷருக்கு.

அரசனுக்கு முன் நிற்கும் காலாளை இரு கட்டம் செலுத்தித் தொடங்குவதே அவருடைய நெடுநாள் வழக்கம். அன்றோ அரசிப் பக்கத்து மந்திரியின் காலாளை நகர்த்தினார். ஆட்டம் விரைவில் குயின்ஸ் காம்பிட் என்னும் பழைய நெறியிற் புகுந்தது. ஸ்பாஸ்கி தமக்கு நன்கு பழகிய தார்த்தக்கோவர் காப்பை மேற்கொண்டார். பிஷர் தம் வழியை விட்டு, மாற்றார் நன்கறிந்த களத்திலேயே போரைத் தொடங்கினார் என்க.

20ஆம் நகர்த்தலில் ஸ்பாஸ்கி நடுக்களத்துக் காலாளை முன்செலுத்தினார். வெள்ளை மந்திரிக்கு மூலைவழி திறந்தது. 32 முதல் 36 வரை கறுப்பு அரசி ஈரிடங்களிடையே போவதும் வருவதுமாக உழன்றாள். 38இற் பிஷர் கோட்டையைக் கொடுத்துக் குதிரையை வெட்டினார். 41இல் ஆட்டம் முடிந்தது. அவையோர் கைதட்டினர், அவர்களுடன் ஸ்பாஸ்கியும் கைதட்டினார்.

அப்போட்டியின் முடிவிற் பட்டமும் பிஷருக்கே சென்றது. எனினும் அக்கைதட்டலாற் ஸ்பாஸ்கி பெற்ற பெருமை எந்தப் பட்டத்துக்குங் குறைந்ததன்று. தோல்வியின் நோவுக்கிடையிலும் அழகை அழகென்று அறிந்து போற்றுதல் எளிய செயலோ?

சில ஆண்டுகளுக்கு முன் இலக்கிய அவையொன்றிலே, நான் கூறிய உரையை இளைஞரொருவர் மறுத்தார். அவர் கூறியதே பொருத்தமென்று என் நெஞ்சு அறிந்தது. அவையோர் கைதட்டினர். என் கைகள் மடிமீது கிடந்தன.

மாணவருக்கு வெல்லும் வழியைக் கற்பிக்கின்றோம். இந்த ஒன்றை யான் இனித்தான் கற்கவேண்டும்.