முதுகு மட்டும் ஏன் குளிர்கிறது?

மார்கழியில் ஆம்பூரிலிருந்து ஏலகிரி மலைக்கு முகாம் செல்கிறீர்கள். இரு மரங்களுக்கிடையே தூளி கட்டிப் படுக்கிறீர்கள். ஏலகிரியின் உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை பொதுவாக 6 அல்லது 7 டிகிரி செல்சியஸ் குறையும். கனத்த போர்வை போர்த்தியும், மற்றொன்றை அடியில் விரித்தும், முதுகு நடுங்குகிறது. ஏன்?

போர்வை தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. காற்று ஓர் அரிதிற்கடத்தி. ரோமம் நீக்கிய தோலைவிட ரோமத்தோடு பதனிட்ட ஆட்டுத்தோல் கதகதப்பாயிருப்பதும் இதனால்தான். முதுகுக்கடியிலுள்ள போர்வையோ உடலின் எடையால் நசுங்கி, காற்றை இழக்கிறது. தூளிக்கடியில் வீசும் காற்றும் வெப்பத்தை வாரிச் செல்கிறது.

வழி எளிது. பாலியெஸ்டர் பஞ்சு வைத்துத் தைத்த விரிப்பைத் தூளியின் அடிப்புறத்தில், வெளியே, தொட்டும் தொடாமலும் கட்டித் தொங்கவிடுங்கள். எடை அதன்மேல் விழாது. பஞ்சு உப்பியே இருக்கும். இரண்டு அடுக்கானால் பாதுகாப்பு கூடும். செயற்கை இழை நீரை அதிகம் உறிஞ்சாது, பனிக்கும் ஏற்றது. ஓரங்களில் இடைவெளி விட்டால் மட்டும் குளிர்காற்று புகுந்துவிடும்.

செய்து பாருங்கள்: இரு டம்ளர்களில் சம அளவு வெந்நீர் ஊற்றி மூடுங்கள். ஒன்றைத் தளர்வான பஞ்சாலும், மற்றதை அதே அளவு பஞ்சை இறுக அழுத்தியும் சுற்றுங்கள். அரைமணி கழித்து வெப்பநிலைமானி எதில் அதிகம் காட்டுகிறது?