விசிறிக்கும் விளக்குக்கும் ஆகாது

கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் நான் வாடகைக்கு இருந்த அறையில் கரண்ட் போனால் மெழுகுவத்தி ஏற்றுவோம். சில இரவுகளில் கரண்ட் அரைகுறை வோல்டேஜில் திரும்பும். ட்யூப்லைட் எரியாது, விசிறி மட்டும் சுற்றி, இருந்த ஒரே சுடரையும் அணைத்துவிடும். வியர்வை அடங்கிவிடும், தட்டில் சோறு எங்கே என்று தெரியாது.

கொல்கத்தாவின் பெரிய விடுதிகளுக்கு ஒரு காலத்தில் இதுதான் தீராத தலைவலி. எஸ்பிளனேடில் பஸ்ஸைவிட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டல் வரும். 1840களின் தொடக்கத்தில் டேவிட் வில்சன் என்ற ரொட்டிக்கடைக்காரர் அதைத் திறந்தார். அப்போதைய கவர்னர் ஜெனரல் ஆக்லண்ட் பிரபுவின் பெயரைத்தான் முதலில் வைத்தார். ஊர் ‘வில்சன் ஹோட்டல்’ என்றே சொன்னது. துணிமணி, கல்யாணப் பரிசு, தோட்டத்துக்கு விதை எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைத்த இடம் என்று அந்த நாளில் பேர்.

எல்லாம் கிடைத்த அந்த இடத்தில் இரவு விருந்தை நினைத்துப் பாருங்கள். உத்தரத்திலிருந்து துணி தொங்கும் நீளப் பலகை ஆடுகிறது; அதுதான் பங்கா. அதன் கயிறு சுவரில் உள்ள துளை வழியாக வராந்தாவுக்குப் போகிறது. அங்கே ஒருவர் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருக்கிறார். கொல்கத்தாப் புழுக்கத்தில் வியர்வை தானாக உலராது. காற்று அசைந்தால்தான் உண்டு. ஆனால் அதே காற்றில் சுடர் சாய்கிறது, புகைகிறது, அணைகிறது. சுற்றிக் கண்ணாடிக்கூடு வைத்துத்தான் சமாளித்தார்கள்.

1857இல் நகரத் தெருக்களுக்கு காஸ் விளக்கு வந்தது. வீட்டுக்குள் கொண்டுவந்தால் காஸ் இன்னும் பொல்லாதது. 16 மெழுகுவத்தி வெளிச்சம் தரும் சாதாரண காஸ் சுடர், அறைக்குள் ஏறக்குறைய 800 வாட் வெப்பத்தைக் கொட்டும். ஒரு சிறிய இஸ்திரிப்பெட்டியைத் தலைக்குமேல் மாட்டிய மாதிரி. எரியும்போது நீராவியையும் விடும். ஏற்கெனவே ஈரத்தில் ஊறிய ஊருக்கு அது வேறு!

1883இல் கிரேட் ஈஸ்டர்ன் மின்விளக்குக்கு மாறியது. முழுக்க மின்விளக்கு போட்ட இந்தியாவின் முதல் விடுதி என்று அதைச் சொல்வார்கள். எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் தொடங்கியதே அதற்கு முந்தைய வருடம்தான். அந்தக் கால பல்பில் கார்பன் இழை. காற்று பட்டால் நொடியில் எரிந்து சாம்பலாகும். அதனால் கண்ணாடிக் குமிழிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு மூடினார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயமே இதுதான்: காற்றே இல்லாமல் ஒளிரும் பொருளைக் காற்று எப்படி அணைக்கும்? பங்காவை எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் வீசலாம். போதாததற்கு, அதே 16 மெழுகுவத்தி வெளிச்சத்துக்கு அது தின்றது காஸ் கொட்டிய வெப்பத்தில் ஒரு சிறு பங்குதான்.

சரி, ஊருக்கே இல்லாத மின்சாரம் விடுதிக்கு எங்கிருந்து? கொல்கத்தாவின் முதல் மின்நிலையம் இமாம்பாக் சந்தில் ஓடத் தொடங்கியது 1899இல். அதற்குப் பதினாறு வருடம் முன்பு, தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக்கொள்வதைத் தவிர விடுதிக்கு வழியில்லை. ஒருவிதத்தில் அதுவே சௌகரியம். அப்போது புழங்கிய நேர்மின்சாரத்துக்கு அழுத்தம் நூறு வோல்ட்டை ஒட்டியே இருந்தது. அழுத்தம் குறைந்தால் அதே திறனுக்கு மின்னோட்டம் கூட வேண்டும். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் வீணாகும் வெப்பம் நான்கு மடங்கு. தூரம் போகாத சரக்கு அது. ஒரே கூரையின்கீழ் ஏராளமான விளக்குகள் எரியும் பெரிய ஹோட்டலைவிட அதற்கு ஏற்ற வாடிக்கையாளர் கிடையாது.

பிறகு விடுதியை மாநில அரசு எடுத்துக்கொண்டது, 2005இல் விற்றது. 2013இல் லலித் குழுமத்தின்கீழ் மறுபடி திறந்தது. இன்று அறைக்கு அறை ஏசி.

1883இன் அந்த முதல் இரவில் உள்ளே சுடர் இல்லாத வெளிச்சம், ஆடாத நிழல். சுவர்த் துளையில் மட்டும் கயிறு பழையபடி போய்வந்துகொண்டிருந்தது. நகரத்தில் மின்விசிறி பரவ இன்னும் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தது. வராந்தாவில் இருந்தவர் இழுத்துக்கொண்டேதான் இருந்தார்.