அண்ணன் நடந்து வந்த வழி

நீங்கள் எப்போதாவது பெங்களூரிலிருந்து ஓசூருக்குப் பஸ்ஸில் வந்திருக்கிறீர்களா? மொத்தம் 40 கிலோமீட்டர்தான். அத்திப்பள்ளி வரையில் கடைப் பலகைகளில் கன்னட எழுத்து; அதைத் தாண்டி ஜூஜூவாடி வந்தால் தமிழ் எழுத்து. ஆனால் கடைக்குள்ளே போய் ஒரு சோப்புக் கட்டி கேட்டுப் பாருங்கள். தமிழில் கேட்டாலும் கிடைக்கும், கன்னடத்தில் கேட்டாலும் கிடைக்கும், தெலுங்கில் கேட்டாலும் கிடைக்கும். எல்லை என்பது பலகையில் இருக்கிறதே தவிர, பெட்டிக்கடைக்காரர் நாவில் இல்லை!

1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது ஓசூர்ப் பகுதி சென்னை ராஜ்யத்தோடேயே இருந்தது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். பிறகு சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. லாரியும், மோட்டார் சைக்கிளும், கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் வந்தன. காலையில் இங்கிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். அங்கிருந்து இங்கே வருகிறவர்கள் மறு பக்கம். எதிரும் புதிருமாகப் போகும் இந்தக் கூட்டத்தில் யார் எந்த மொழி என்று பிரித்தறிய யாருக்கும் நேரமில்லை.

நேரம் கிடைத்த சில நாட்கள் உண்டு. அவற்றைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு சினிமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1998-ல் வெளிவந்த அமெரிக்கப் படம் அது. பெயர் 'அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்'. குழந்தைகளை வைத்துக்கொண்டு பார்க்கக்கூடிய படமல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சும் கடுமை, காட்சிகளும் கடுமை. ஆனால் பிள்ளைகளைப் பெற்றவர்கள், அவர்கள் தூங்கிய பிறகாவது ஒரு முறை பார்க்க வேண்டிய படம்.

அண்ணன் டெரிக், தம்பி டானி. தகப்பனார் தீயணைப்புப் படை வீரர். கடமையைச் செய்யப் போன இடத்தில் கறுப்பினத்தவன் ஒருவன் சுட்டு இறந்துபோகிறார். துக்கம் அண்ணனின் நெஞ்சில் துவேஷமாக மாறுகிறது. தலையை மழித்துக்கொண்டு, மார்பிலே ஹிட்லரின் சின்னத்தைப் பச்சை குத்திக்கொண்டு ஒரு கும்பலுக்குத் தளபதி ஆகிறான். கொலை செய்கிறான், மூன்று வருஷம் சிறைக்குப் போகிறான். அங்கே துணி வெளுக்கும் பகுதியில் அவனோடு சேர்ந்து வேலை செய்யும் கறுப்பு இளைஞன் ஒருவன் ஓயாமல் வேடிக்கை பேசுகிறான். முதலில் இவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பிறகு சிரிக்கிறான். சிரித்த பிறகு வெறுப்பது கஷ்டமல்லவா? சிறையில் தன்னைக் காப்பாற்றியவன் அந்தக் கறுப்பனே என்பது பின்னால்தான் புரிகிறது.

திருந்தி வீட்டுக்கு வருகிறான். வந்து பார்த்தால், தம்பி தலையை மழித்துக்கொண்டு நிற்கிறான்! அண்ணன் விட்டுவிட்டு வந்த பாதையில் தம்பி ஓடிக்கொண்டிருக்கிறான். அவனை எப்படித் திருப்புவது என்பதுதான் கதை. முடிவை நான் சொல்லப்போவதில்லை. பழைய கடன் வட்டியோடு வந்து கதவைத் தட்டுகிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

படம் முடிந்தும் என் மனத்தை விட்டு அகலாத காட்சி, கொலைக் காட்சி அல்ல. அது ஒரு சாதாரண சாப்பாட்டு மேஜை. தகப்பனார் உயிரோடிருந்த காலம். பள்ளிக்கூடத்தில் கறுப்பின ஆசிரியர் ஒருவர் ஒரு புத்தகம் படிக்கச் சொன்னதாக டெரிக் ஆவலோடு சொல்கிறான். தகப்பனார் கத்தவில்லை, மேஜையைக் குத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, 'அவர்கள்' என்ற சொல்லை ஒரு மாதிரியாக உச்சரித்து, நாலு வார்த்தை சொல்கிறார். பிள்ளை தலையாட்டுகிறான். அவ்வளவுதான். கும்பல் தலைவன் பிற்பாடு வந்து தண்ணீர் ஊற்றினான். விதை போட்டது வீட்டில்!

இப்போது ஓசூருக்குத் திரும்புவோம்.

காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூனில், தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டுமென்று இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பரில் அது அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் கலவரம் மூண்டது. உயிர்கள் போயின, குடிசைகள் எரிந்தன, பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊரை விட்டு வந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 2016 செப்டம்பர் 12-ந் தேதி, திங்கட்கிழமை, மீண்டும் அதே கதை. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் பெங்களூரில் கொழுந்துவிட்டு எரிந்தன. ஒரே நிறுத்துமிடத்தில் டஜன் கணக்கில் ஆம்னி பஸ்கள் சாம்பலாயின. நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் கர்நாடகக்காரர்களுக்குச் சொந்தமான ஓட்டல் ஒன்றின் மீது பெட்ரோல் குண்டு வீசினார்கள்; ராமேஸ்வரத்துக்கு யாத்திரை வந்த வண்டி ஓட்டியை அடித்தார்கள். பஸ் போக்குவரத்து நின்றது. மூட்டையும் குழந்தையுமாக ஜனங்கள் அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு நடந்தே எல்லையைக் கடந்தார்கள்.

அப்படி நடந்து வந்தவர்களில் ஒருவனுடைய தாயாரை ஓசூரில் சந்தித்தேன். பெயர் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு பசங்க. பெரியவன் பெங்களூர் பக்கம் ஒரு கம்பெனியிலே வேலை. சின்னவன் அப்போ காலேஜ். அன்னிக்குச் சாயந்திரம் பெரியவன் போன் கிடைக்கலே. சின்னவன் செல்போனிலே ஒரு படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கிட்டிருக்கான். நம்ம பையன் ஒருத்தனை மண்டி போட வைச்சு அடிக்கிறாங்களே, அந்தப் படம். கண்ணெல்லாம் சிவந்து போச்சு. சிநேகிதக்காரங்க நாலு பேர் வந்து வாசல்லே நின்னாங்க. கர்நாடகா லாரி வந்தா விடமாட்டோம்னாங்க. நான் கதவுக்குக் குறுக்கே நின்னேன். அவன் என்னைத் தள்ளிட்டுப் போயிருப்பான். அண்ணன் எங்கேன்னு தெரியாததாலேதான் நின்னான்."

பெரியவன் இரவு பத்து மணிக்கு வந்தானாம், நடந்து. மோட்டார் சைக்கிள் எங்கே என்று கேட்டான் தம்பி. கொளுத்திவிட்டார்கள் என்ற பதிலைத்தான் எதிர்பார்த்தான்.

"வண்டி பத்திரமாயிருக்கு. கூட வேலை செய்யறவன் வீட்டுக் கொட்டகையிலே இருக்கு. தமிழ்நாட்டு நம்பர் தெரியக் கூடாதுன்னு அவங்க அம்மா தன்னோட பழைய புடவையை எடுத்துப் போர்த்தி வைச்சிருக்காங்க. நாலு பேர் வந்து யார் வண்டின்னு கேட்டாங்க. 'நம்ம ஹுடுகனது'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க" என்றான் அண்ணன்.

நம்ம ஹுடுகன் என்றால் நம்ம பையன் என்று அர்த்தம். தம்பிக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓசூர்ப் பிள்ளைக்குக் கன்னடம் தெரியாதா? அவன் செல்போனைக் கீழே வைத்தான். வாசலில் நின்றவர்களிடம் போய், "அண்ணன் வந்துட்டான், நீங்க போங்கடா" என்றான்.

பத்து நாள் கழித்து, தேங்காய் பழத்தோடு அந்தத் தாயார் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வண்டியை எடுத்துவரப் போனாராம். அங்கே சாப்பிடாமல் விடவில்லை. "அவங்க முத்தேன்னாங்க, தட்டைப் பார்த்தா நம்ம கேழ்வரகுக் களி!" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "அந்தம்மா வீட்டுப் பையன் இங்கே மாட்டியிருந்தா நான் புடவையைப் போர்த்தியிருப்பேனான்னு அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன்" என்றார்.

இதே கேள்விதான் நம் எல்லோருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் கேட்பது துவேஷமல்ல. காவிரியில் நமக்குப் பங்கு உண்டு. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு, கர்நாடகம் நமக்கு வருஷத்துக்கு விட வேண்டிய தண்ணீர் 177.25 டி.எம்.சி. என்று கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. கணக்கு தீர்க்க வக்கீல்களும் என்ஜினீயர்களும் இருக்கிறார்கள். யாரோ ஓட்டி வந்த லாரியைக் கொளுத்துவதால் மேட்டூர் அணை ஓர் அங்குலம்கூட உயராது!

வெறுப்பிலிருந்து மீண்டு வருவது சினிமாவில்தான் நடக்குமா? அமெரிக்காவில் ஆர்னோ மைக்கேலிஸ் என்று ஒருவர். இளமையில் வெள்ளை வெறியர்களின் கும்பலில் முக்கியப் புள்ளி. ஒரு சிற்றுண்டிக் கடையில் பணம் வாங்கும் வயதான கறுப்பினப் பெண்மணி அவர் விரலில் பச்சை குத்தியிருந்த ஹிட்லர் சின்னத்தைப் பார்த்துவிட்டு, திட்டவில்லை. நீ இப்படிப்பட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும் என்று கனிவாகச் சொன்னார். அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது என்கிறார் ஆர்னோ. பின்னால், தன் சிறு பெண்ணைத் தனியாக வளர்க்கும் பொறுப்பு வந்தபோது கும்பலை விட்டு விலகினார். 2012 ஆகஸ்டு 5-ந் தேதி விஸ்கான்ஸின் மாநிலத்தில் ஓக் கிரீக் குருத்துவாராவில் வெள்ளை வெறியன் ஒருவன் புகுந்து சுட்டதில் ஆறு சீக்கியர்கள் அன்றே இறந்தார்கள். குருத்துவாராவின் தலைவரும் அவர்களில் ஒருவர். அவருடைய புதல்வர் பர்தீப் காலேகா, இப்படிச் செய்யத் தூண்டுவது எது என்று தெரிந்துகொள்ள ஆர்னோவைத் தேடிப் போனார். இருவரும் நண்பர்களாகி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சேர்ந்து போய்ப் பிள்ளைகளிடம் பேசினார்கள்.

நம் எல்லையிலும் அப்படி ஒரு நல்ல நாள் வந்ததுண்டு. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் 1991-லேயே தயாரான திருவள்ளுவர் சிலை, எதிர்ப்பினால் பதினெட்டு வருஷம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9-ந் தேதி அது திறக்கப்பட்டது. நாலே நாள் கழித்து, 13-ந் தேதி, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சிலை திறந்தார்கள். பதினெட்டு வருஷம் தாமதந்தான், என்றாலும் திறந்தார்களே!

சிலை திறப்பது சர்க்கார் வேலை. நம் வேலை சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கிறது. இன்று இரவு சாப்பாடு போடும்போது கவனியுங்கள். வேறு மொழிக்காரரைப் பற்றியோ, வேறு சாதிக்காரரைப் பற்றியோ, யாராவது 'அவனுங்க எல்லாமே இப்படித்தான்' என்று ஆரம்பிப்பார்கள். சின்னவன் வாயில் சோற்றோடு காதைத் தீட்டிக்கொண்டிருப்பான். அப்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாருமா? உங்களுக்கு எத்தனை பேரைத் தெரியும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

சாப்பாடு கொஞ்சம் ஆறிப்போகும். போகட்டுமே!