தென்னை ஓலை கறுக்கிறதா?

கொல்லையில் தென்னை வைத்திருக்கும் சகோதரிகளே, கீழ் ஓலைகள் கரி பூசினாற்போல் இருக்கின்றனவா? அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை மாவு சுருள் சுருளாக ஒட்டியிருந்தால் அது சுருள் வெள்ளை ஈயின் வேலை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம்தான் நம் நாட்டில் முதலில் தென்பட்டது. ஓலைச் சாற்றை உறிஞ்சி, இனிப்புப் பிசுக்காகக் கழிக்கும். அது சொட்டிய இடமெல்லாம் கரும்பூசணம்!

"விஷ மருந்து அடிச்சாத்தாம்மா போகும்" என்பார்கள். அவசரப்படாதீர்கள். என்கார்சியா என்று ஒரு பொடிக் குளவி, ஈக்குஞ்சுக்குள்ளேயே முட்டையிட்டு அதைத் தீர்த்துக்கட்டும். மருந்தடித்தால் இதுவும் சாகும், ஈ மறுபடி பெருகும். பிள்ளைகள் இளநீர் குடிக்கிற மரம் வேறு!

மஞ்சள் பாலிதீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டுங்கள். ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். கறுப்புக்கு, லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா போட்டுக் கஞ்சியாக்கி ஓலைமேல் தெளித்தால், காய்ந்து ஏடாக உரிந்துவிடும்.