ஷாங்காயில் கூடியது, சென்னையில் குறைந்தது

வீட்டிலிருந்தே வேலை பார்த்தால் வேலை உருப்படியாக நடக்குமா? ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறோம். சீனாவின் பெரிய பயண முன்பதிவு நிறுவனமான சிட்ரிப், கொரோனாவுக்குப் பத்து ஆண்டுகள் முன்பே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டது.

ஷாங்காயில் அலுவலக வாடகை ஏறிக்கொண்டே போனது. கால் சென்டர் ஊழியர்கள் ஆண்டுதோறும் பெரும் எண்ணிக்கையில் வேலையை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். 2010 டிசம்பரில் நிறுவனம் ஒன்பது மாதச் சோதனை ஒன்றைத் தொடங்கியது. விருப்பம் தெரிவித்துத் தகுதியும் பெற்றவர்கள் 249 பேர். அவர்களில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். ஒற்றைப்படைத் தேதிக்காரர்கள் வழக்கம்போல அலுவலகத்துக்கு வந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலஸ் ப்ளூமும் அவருடைய குழுவினரும் இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள்.

வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியிருந்தது. அதில் சுமார் 9 சதவீதம், இடைவேளைகளும் நோய் விடுப்பும் குறைந்ததால் கிடைத்தது. மீதி 4 சதவீதம், ஒரே நிமிடத்தில் முன்பைவிட அதிக அழைப்புகளைக் கையாண்டதால் வந்தது. வீட்டில் சத்தம் குறைவாக இருந்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. வேலையை விட்டுப் போனவர்களின் விகிதமும் பாதியாகக் குறைந்தது.

இனி சென்னைக்கு வருவோம். பொருளியலாளர்கள் டேவிட் அட்கின், அன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகியோரின் ஆய்வு 2023-ல் வெளியானது. டேட்டா என்ட்ரி வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களில் யார் வீட்டில், யார் அலுவலகத்தில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். இங்கே வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 18 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்தது. அலுவலகத்தில் இருந்தவர்கள் நாளாக நாளாக வேகமாகத் தொழில் பழகிக்கொண்டதால் மீதியும் சேர்ந்தது.

இரண்டுமே முறையாக நடத்தப்பட்ட ஆய்வுகள். அப்படியிருந்தும் ஓரிடத்தில் கூடியது இன்னோரிடத்தில் குறைந்தது ஏன்?

தனி அறை என்ற நிபந்தனை

ஷாங்காய் சோதனையில் சேர சில நிபந்தனைகள் இருந்தன. ஆறு மாத அனுபவம் வேண்டும். வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பு வேண்டும். வேலை பார்ப்பதற்குத் தனி அறை வேண்டும். ஆக, 13 சதவீதம் என்பது தொழில் கைவந்தவர்கள், கதவைச் சாத்திக்கொள்ள வசதி உள்ளவர்கள், தாமாக விரும்பி வந்தவர்கள் காட்டிய உயர்வு. சென்னை ஆய்வில் இருந்தவர்களோ வேலைக்குப் புதியவர்கள்.

சென்னை ஆய்வில் மனத்தைத் தைக்கும் இன்னொரு முடிவும் உண்டு. வீட்டு வேலையை விரும்பியவர்கள் சோம்பேறிகள் அல்லர். தொடக்கத் தேர்விலேயே மற்றவர்களைவிட 12 சதவீதம் வேகமாகவும் துல்லியமாகவும் செய்தவர்கள் அவர்கள்தாம். ஆனால், வீட்டில் அமர்ந்தபோது அதிகம் இழந்தவர்களும் அவர்களே. அலுவலகத்தை விரும்பியவர்களுக்கு வீட்டில் 13 சதவீதம் குறைந்தது என்றால், வீட்டை விரும்பியவர்களுக்கு 27 சதவீதம் குறைந்தது. பிள்ளைகளையும் வீட்டில் உள்ளவர்களையும் கவனிக்கும் பொறுப்பு உள்ளவர்கள், ஏழைக் குடும்பத்தவர் போன்றோர் நினைத்தாலும் அலுவலகம் போக முடியாத நிலையில் இருப்பது இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

திறமை இருக்கிறது, உழைக்கும் எண்ணமும் இருக்கிறது. இல்லாதது, இடையூறு இல்லாமல் உட்கார ஓர் இடமும் சில மணி நேரமும். "மனசு வைத்தால் எங்கே இருந்தும் படிக்கலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. வீட்டில் வேலையும் படிப்பும் நடப்பதில் மன உறுதியைவிடச் சூழலின் பங்கு பெரிது. அந்தச் சூழலை ஒருவர் தனியாக உருவாக்கிக்கொள்ளவும் முடியாது.

பேச்சுச் சத்தம் செய்யும் வேலை

1976-ல் ஹெர்பர்ட் கோல், ஆலன் வெல்ஷ் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். திரையில் தோன்றும் எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். பின்னணியில் ஜெர்மன் மொழியில் யாரோ வாசிப்பது கேட்கும். கேட்டவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. அதைக் கவனிக்கவும் வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தது. அப்படியும் அவர்கள் செய்த பிழைகள் கூடின.

பின்னர் நடந்த பல ஆய்வுகள் காரணத்தைத் தெளிவாக்கின. படிப்பதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்து வரிசைப்படுத்தும் வேலையை நம் தற்காலிக நினைவு செய்கிறது. ஏறி இறங்கி மாறிக்கொண்டே இருக்கும் ஒலி அந்த வேலைக்குள் புகுந்து குலைத்துவிடுகிறது. மின்விசிறியின் சீரான இரைச்சல் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. பக்கத்து அறையில் ஓடும் சீரியல் வசனமும் போன் பேச்சும் கெடுக்கின்றன. பாட்டிலும் இதே கதைதான்: வெறும் வாத்திய இசையைவிடக் குரலோடு வரும் பாட்டு அதிகம் இடைஞ்சல் செய்கிறது. "அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே" என்பது பயன் தராத அறிவுரை. டிவி சத்தத்தைக் குறைப்பதே பயன் தரும்.

பாதியில் எழுந்தால்

வீட்டில் யாரும் ஒரே வேலையில் நீடித்து இருப்பதில்லை. கேஸ் சிலிண்டர் வருகிறது, குழந்தை கூப்பிடுகிறது, செல்போன் ஒலிக்கிறது. 2009-ல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் இதில் ஒன்றைக் கண்டறிந்தார். முடியாத வேலையை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போகும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. அதனால் புதிய வேலையும் தரம் குறைகிறது.

இதற்கு அவரும் தெரசா க்ளோம்பும் 2018-ல் ஓர் எளிய வழியை முன்வைத்தார்கள். எழுந்து போவதற்கு முன், எதுவரை முடித்திருக்கிறோம், திரும்பி வந்ததும் எதைச் செய்ய வேண்டும் என்று ஒரு நிமிடம் குறித்துவிட வேண்டும். எழுதி வைத்ததும் மனம் பழைய வேலையை விட்டு அடுத்ததற்கு நகர்கிறது. இடையூறுகளை ஒழிக்க முடியாத வீடுகளுக்கு இது பெரிய உதவி.

தொடங்குவதற்கும் இதுபோல் ஒரு வழி இருக்கிறது. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர், 1997-ல் வெளியான ஆய்வில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்பிய மாணவர்களிடம் ஒரு சிறு கட்டுரை எழுதி அனுப்பச் சொன்னார். எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர் எழுதி அனுப்பினார்கள். மற்றவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரே அனுப்பினார்கள். "நாளைக்கு நன்றாகப் படிக்கணும்" என்பதைவிட "காலையில் டீ குடித்ததும் ஜன்னலோர மேசையில் வரலாறு இரண்டாம் பாடம்" என்ற முடிவுக்கு வலு அதிகம்.

படித்த நேரமும் பதிந்த பாடமும்

நீட், டி.என்.பி.எஸ்.சி. போன்ற தேர்வுகளுக்கு வீட்டிலேயே மாதக்கணக்கில் படிப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. 2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு சுற்றும் அதையே படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, அடுத்த மூன்று சுற்றிலும் பார்க்காமல் எழுதிப் பார்த்தது.

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதமும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. படித்தவர்களிடம் 40 சதவீதமே எஞ்சியது; எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம் நின்றது. ஆனால், திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் பாடம் மனத்தில் நன்றாக ஏறிவிட்டது என்ற நம்பிக்கை அதிகமாக இருந்தது.

நினைவிலிருந்து ஒன்றை முயன்று எடுக்கும்போதுதான் அது வலுப்படுகிறது. புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்ப்பது கடினமாக இருக்கும். அந்தக் கடினத்தில்தான் பாடம் பதிகிறது. எத்தனை மணி நேரம் உட்கார்ந்தான் என்று பிள்ளையைக் கணக்குக் கேட்கும் பெற்றோர், பார்க்காமல் எவ்வளவு சொல்கிறான் என்று கேட்டால் அவனுக்குப் பேருதவியாக இருக்கும். அமைதியான நேரம் குறைவாகக் கிடைக்கும் வீடுகளில், கிடைக்கிற ஒரு மணி நேரத்தை முழுதாகப் பயன்படுத்த இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

யார் தருவது?

ஷாங்காய்க் கதையின் முடிவையும் சொல்ல வேண்டும். சோதனை முடிந்ததும் எங்கே வேலை பார்ப்பது என்பதை ஊழியர்களின் விருப்பத்துக்கே விட்டார்கள். வீட்டிலிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை தாங்கவில்லை என்பது முக்கியக் காரணம். அவரவர்க்குப் பொருந்தியதை அவரவர் தேர்ந்தெடுத்த பிறகு பலன் 22 சதவீதமாக உயர்ந்தது.

மனிதருக்கு அமைதியும் வேண்டும், துணையும் வேண்டும். இரண்டும் ஒருங்கே கிடைக்கும் இடம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. இன்றும் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். 2010-ல் திறக்கப்பட்ட சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. இப்படி ஓரிடம் பெரிய நகரங்களோடு நின்றுவிடக் கூடாது. ஒற்றை அறை வீட்டில் நான்கு பேரோடு வாழும் மாணவிக்கு, இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும் ஊர்ப்புற நூலகம் அவளுடைய தேர்வு முடிவையே மாற்றக்கூடியது.

அதுவரை குடும்பம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தினமும் குறிப்பிட்ட இரண்டு மணி நேரம் டிவியை நிறுத்தி, படிப்பவரையோ வேலை பார்ப்பவரையோ எதற்கும் கூப்பிடாமல் விடலாம். வீட்டு வேலை முழுவதையும் சுமந்துகொண்டே சம்பாதிக்கவும் செய்யும் பெண்ணுக்கு அந்த இரண்டு மணி நேரத்தை முதலில் தர வேண்டும். சென்னை ஆய்வு சொல்லும் 27 சதவீத இழப்பில் பெரும்பங்கு இப்படிப்பட்டவர்களுடையதாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. அவர்களுக்குக் குறைவாக இருப்பது நேரமும் இடமும்தான். அவை இரண்டும் நம்மால் கொடுக்கக்கூடியவை.