பரோசா பள்ளத்தாக்கு: ஒருநாள் பயணத் திட்டம்

பரோசா பள்ளத்தாக்கு, தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் தலைநகரான அடிலெய்டுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ளது. ஷிராஸ் என்னும் சிவப்பு ஒயினுக்குப் புகழ்பெற்ற இப்பகுதிக்குக் காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம். புறப்படுவதற்கு முன்பே இரண்டு செய்திகளை முடிவு செய்துகொள்ள வேண்டும்: வண்டியை ஓட்டுபவர் யார், அணிந்து செல்லும் காலணி எது.

பழமையான கொடிகள்

பிரஷ்யாவில் சமயக் கெடுபிடிக்கு ஆளான லூத்தரன் குடும்பங்கள் 1842-இல் இங்குள்ள பெத்தனியில் குடியேறின. அடுத்த சில ஆண்டுகளிலேயே திராட்சைத் தோட்டங்கள் உருவாயின. 19-ஆம் நூற்றாண்டில் நட்ட கொடிகள் சில இன்றும் காய்க்கின்றன.

காலணியில் கவனம்

ஃபைலோக்செரா என்பது திராட்சை வேரின் சாற்றை உறிஞ்சி கொடியையே அழிக்கும் நுண்ணிய பூச்சி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இது பிரான்சின் தோட்டங்களைப் பாழாக்கியது. 1877-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் காணப்பட்டது. தென் ஆஸ்திரேலியாவை இது இன்றுவரை அண்டவில்லை. இதற்கு மருந்து இல்லை. தடுப்பு ஒன்றே வழி. காலணியில் ஒட்டிய மண்ணோடும் இப்பூச்சி பரவும். ஆகவே அனுமதியின்றிக் கொடி வரிசைகளுக்குள் நுழையக்கூடாது. விக்டோரியாவில் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு வருவோர் அதைப் பணியாளரிடம் சொல்லிவிட வேண்டும். படம் எடுக்க விரும்புவோர் வேலிக்கு வெளியே நின்று எடுக்கலாம்.

ஓட்டுநர்

முழு உரிமம் பெற்ற ஓட்டுநரின் 100 மி.லி. இரத்தத்தில் ஆல்கஹால் 0.05 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். பழகுநர் உரிமமும் தற்காலிக உரிமமும் உடையவர்களுக்கு அளவு பூஜ்யம். ருசிபார்க்க ஊற்றும் 30 மி.லி. ஒயினில் சுமார் 3 கிராம் ஆல்கஹால் இருக்கும். ஓரிடத்தில் ஆறு வகை ருசித்தால் 18 கிராம் ஆகிவிடும். மூன்று இடங்களில் ருசித்தவர் ஓட்டுவது ஆபத்து. எனவே குழுவில் ஒருவர் குடிக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் சுற்றுலா வண்டியை அமர்த்த வேண்டும். அடிலெய்டிலிருந்து வரும் பயணிகள் ரயில் காவ்லருடன் நின்றுவிடுகிறது. ருசித்த ஒயினைத் துப்புவதற்கென்றே கலம் வைத்திருப்பார்கள். துப்புவது அவமரியாதை அன்று.

நேர ஒதுக்கீடு

ருசிபார்க்கும் கூடங்கள் பெரும்பாலும் காலை 10 அல்லது 11 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்குள் மூடிவிடும். ஒரு கூடத்திற்கு ஒரு மணி நேரம் எனக் கொண்டால், நாளொன்றுக்கு மூன்று போதும். முன்பதிவு நல்லது. காலையில் டனுண்டாவையும், உணவுக்குப்பின் செப்பெல்ட்ஸ்ஃபீல்டையும் பார்க்கலாம். 1851-இல் தொடங்கிய செப்பெல்ட்ஸ்ஃபீல்டில் 1878 முதல் ஆண்டுதோறும் ஒயின் பீப்பாய்களில் சேமிக்கப்பட்டு, நூறாண்டு கழித்தே வெளியிடப்படுகிறது. சனிக்கிழமை காலை ஆங்காஸ்டனில் உழவர் சந்தை கூடும்.

அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடைபெறும். 18 வயது நிரம்பாதோருக்கு மது தரமாட்டார்கள். ஆனால் மெங்லர் குன்றிலிருந்து பள்ளத்தாக்கைக் காண்பதற்கு வயது வரம்பு இல்லை.