ஈஸ்டர் தேதி ஏன் மாறுகிறது?



நான் ஆசிரியராக இருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "சார், கிறிஸ்துமஸ் வருஷா வருஷம் டிசம்பர் 25-ல வருது. ஈஸ்டர் மட்டும் ஏன் சார் தேதி மாறிக்கிட்டே இருக்கு?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "நம்ம ஊர் பங்குனி உத்திரமும்தான் மாறுது!"

வகுப்பே சிரித்தது. ஆனால், விடைக்கு வழி அதுதான்!

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலில் பங்குனி உத்திரத்தன்று திருக்கல்யாணம் நடக்கும். பங்குனி மாதப் பௌர்ணமியை ஒட்டி வரும் நாள் அது. ஈஸ்டரும் பௌர்ணமியைப் பார்த்து வரும் பண்டிகைதான்!

ஏன் பௌர்ணமி?

எகிப்தில் அடிமைகளாக இருந்த தங்கள் முன்னோர் விடுதலை பெற்றதை யூதர்கள் 'பாஸ்கா' பண்டிகையாகக் கொண்டாடுகிறார்கள். அது முழுநிலாக் காலத்தில் வரும். அந்தப் பண்டிகைக்காக எருசலேமில் மக்கள் கூடியிருந்த நாட்களில்தான் இயேசு சிலுவையில் அறையப்பட்டார். அந்த நாளே புனித வெள்ளி.

சீடர்கள் பயந்து போனார்கள். மூன்றாம் நாளான ஞாயிறு அதிகாலையில், நறுமணப் பொருட்களுடன் கல்லறைக்குப் போன பெண்கள் அது காலியாக இருக்கக் கண்டார்கள். இயேசு உயிர்த்தெழுந்தார் என்ற செய்தியைச் சீடர்களுக்குச் சொன்னவர்கள் அந்தப் பெண்களே என்கிறது பைபிள். சாவு கடைசி முடிவல்ல, துக்கத்துக்குப் பின் நம்பிக்கை உண்டு என்பதே ஈஸ்டரின் பொருள்.

அதனால்தான் கத்தோலிக்கத் தேவாலயங்களில் ஈஸ்டருக்கு முந்தைய இரவில் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். இருட்டில் புது நெருப்பு மூட்டி, பெரிய பாஸ்கா மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள். அதிலிருந்து ஒருவர் மெழுகுவர்த்தியில் மற்றவர் ஏற்ற, கோயில் முழுவதும் ஒளி பரவும்.

கணக்கு இதுதான்

முற்காலத்தில் ஈஸ்டரை வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு நாட்களில் கொண்டாடினார்கள். கி.பி. 325-ஆம் ஆண்டில், இன்றைய துருக்கி நாட்டில் உள்ள நிசேயா நகரில் ஆயர்கள் கூடினார்கள். எல்லோரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பிறகு நிலைத்த விதி இது: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியைப் பாருங்கள். அதற்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர்.

2024-இல் பங்குனி உத்திரம் மார்ச் 25. ஈஸ்டர் மார்ச் 31. இரண்டுக்கும் ஒரே பௌர்ணமி! 2022-இல் மட்டும் ஏன் ஒரு மாதம் தள்ளிப் போனது? அந்த ஆண்டு மார்ச் 18-லேயே பௌர்ணமி வந்துவிட்டது. அது 21-க்கு முந்தையது என்பதால், அடுத்த பௌர்ணமியான ஏப்ரல் 16 வரை காத்திருந்து, ஏப்ரல் 17-இல் ஈஸ்டர் வந்தது.

ரஷ்யா, கிரீஸ் போன்ற நாடுகளின் பழைமையான திருச்சபைகள் ஈஸ்டர் கணக்குக்குப் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுகின்றன. அதனால் அங்கே பெரும்பாலும் வேறொரு ஞாயிறில் ஈஸ்டர் வரும்.

ஏகாம்பரநாதர் கோபுரத்துக்கு மேலே தெரியும் அதே நிலாதான் எருசலேமிலும் தெரிகிறது. பக்கத்து வீட்டு நண்பனின் பண்டிகை என்றைக்கு, எதற்காக என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் பண்டிகையைப் பற்றியும் புதிதாக ஒன்று தெரியவரும்.

நீங்களே கண்டுபிடியுங்கள்!

2027-ஆம் ஆண்டு மார்ச் 22, திங்கட்கிழமை பௌர்ணமி. அப்படியானால் ஈஸ்டர் என்றைக்கு?

(விடை: மார்ச் 28)